பெரட்டுக்கு வராத ரெண்டு பேரு

இல்லடா, இன்னும் லூசாத்தான் இருக்கு. தோள் ரெண்டு பக்கமும் சரிஞ்சு தொங்குது. கழுத்துப் பட்டனப் போட்டா உள்ள ஒரு கையே போகும். நீ இருந்திருந்தா இதத்தான் மொதல்ல கேட்டிருப்ப, அதான் கேக்காமலே சொல்றேன்.

உன்னோட மெரூன் கலர் சட்ட. நம்ம மஹய்யாவையில ஒரு கிழமையா மழ விடல, என் துணி ஒன்னும் காயல. நேத்து உங்கம்மா அலுமாரியத் தொறந்து, "இந்தா, இதப் போடு, சும்மா பூஞ்சணம் புடிச்சுக் கெடக்குது"ன்னு என் மூஞ்சியில வீசுச்சு. பூச்சி உருண்ட வாசம். அதுக்கு அடியில நீ பூசுற அந்தக் கேவலமான சென்ட்டும் கொஞ்சம் இருக்கு. போட்டுக்கிட்டே படுத்துட்டேன். இப்ப விடியப் போகுது, உங்க வீட்டு முன் ரூம்ல கதிரையில ஒக்காந்து போன்ல இதத் தட்டிக்கிட்டு இருக்கேன். ஆமா, உங்க வீட்டுலதான் இருக்கேன். எங்கப்பாகூட சண்ட. அது ஒரு காரணம். இன்னொன்னு இருக்கு, பொறவு சொல்றேன்.

இந்தச் சட்டைய நீ தச்சது உடம்பு வச்சிருந்த காலத்துல. அந்த உடம்பு உனக்கு ஒரு வருசம்கூட இருக்கல. ஆனா இந்த ஏரியாவுல இன்னைக்கும் உன்னப் பத்திப் பேசுறவன் எல்லாம் அந்த உடம்பத்தான் சொல்றான். "நல்லா தாட்டியா வந்தான், பாவம்"ங்கிறான். எனக்கு அதக் கேக்குறப்ப எல்லாம் அலுப்பா இருக்கு. நீ நல்லா இருந்ததா இவனுங்க சொல்ற காலத்துலதான் நீ செத்துக்கிட்டு இருந்த. எத்தன பேருக்குத்தான் வெளக்குறது.

உன் பேர் ஈக்கு, வெளக்குமாத்து ஈக்கு மாதிரி மெலிஞ்சவன்னு. வீட்டுல வச்ச பேரு கோயில் அர்ச்சனைக்கு மட்டும்தான். டவுன்ல நீ நின்ன துணிக்கடையில மொதலாளி உன்ன சட்ட போட்ட பொம்மைக்குப் பக்கத்துல நிக்க விடமாட்டாரு. "பொம்ம பக்கத்துல நிக்காத தம்பி, எது பொம்மன்னு கஸ்டமருக்குக் கொழம்பும்"னு சொல்லுவாரு. நீயும் சேந்து சிரிப்ப. அதெல்லாம் உனக்கு வலிச்சதே இல்ல. வலிச்சது ஒரே ஒரு நாளு, வருசா வருசம்.

கோயில்ல தண்டுக்கு ஆள் எடுக்குற நாளு. சாமி ஊர்வலம் போற வாகனத்தோட தண்டத் தோள்ல தூக்குறதுக்கு பையன்கள வரிசையா நிப்பாட்டி, கமிட்டி மாமா ஒவ்வொருத்தன் தோளையும் கைய வச்சு அமுக்கிப் பாப்பாரு. மாட்டுச் சந்தையில பாக்குற மாதிரி. உங்கிட்ட வந்தா அமுக்கக்கூட மாட்டாரு.

"ஒன்னயத் தண்டுக்குக் கீழ விட்டா சாமி சாஞ்சிரும்டா. போயி கொடையப் புடி."

உங்கப்பா சாவுற வரைக்கும் அந்தத் தண்டுல முன்னால எடது பக்கம் நின்னவரு. எல்லாரும் அத "ஒங்கப்பன் எடம்"னுதான் சொல்லுவாங்க. நீ அதுக்குப் பக்கத்துலயே வருசா வருசம் கொடையப் புடிச்சிக்கிட்டு நடந்த. ஒரு தரம் எங்கிட்டச் சொன்ன: "எங்கப்பா மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுடா. அந்தத் தோள்ல தண்டு அழுத்திக் காச்சுப்போன தழும்பு மட்டும் ஞாபகம் இருக்கு." அப்ப நான் ஏதோ நக்கலா சொன்னேன். என்னன்னு ஞாபகம் இல்ல.

உடம்பு வைக்க மாத்திர விக்கிற அந்தக் கட உனக்கு யாரு காட்டுனதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. டவுனுக்குள்ள ஒரு மாடிப்படிக்குக் கீழ, பொட்டி மாதிரி. வெள்ளையாகுற கிரீம், முடி வளர்ற எண்ண, புரோட்டீன் டப்பா. என்னயும் ஒரு நாள் கூட்டிட்டுப் போன. அந்தாளு பேர் எழுதாத சின்ன பிளாஸ்டிக் பைக்குள்ள மாத்திரையும் கெப்சூல் கூடு மாத்திரையுமா கலந்து போட்டுக் குடுத்தான்.

"இது என்ன மாத்திர?"ன்னேன்.

"மருந்து இல்ல மல்லி. சத்து. பசிக்கும், நல்லா சாப்பிடுங்க. அவ்வளவுதான்."

சிங்களத்துல பாதி தமிழ்ல பாதி, தம்பிய மல்லின்னு கூப்பிட்டுக்கிட்டு, நல்ல சிரிச்ச மூஞ்சி. நீ அந்தப் பைய பாக்கெட்டுல வச்சு தட்டிக்கிட்டே வந்த.

பசிச்சுச்சுதான். சத்தியமா சொல்றேன், நான் அப்பிடி ஒரு பசிய பாத்ததே இல்ல. ஒரு முழுக் கொத்து ரொட்டிய முடிச்சுட்டு என் தட்டப் பாத்துக்கிட்டு இருப்ப. நான் எச்சி துப்பிருவேன்னு மெரட்டுனாலும் கைய நீட்டுவ. ரெண்டு மூனு மாசத்துல மூஞ்சி உருண்டுச்சு. கன்னம் செவந்துச்சு. கழுத்துக்குப் பின்னால திட்டா ஒரு சத வச்சுச்சு. வயிறு தள்ளுச்சு. கை காலு மட்டும் அதே ஈக்கு. "உருளக்கெழங்குல நாலு ஈக்கு குத்துன மாதிரி இருக்கடா"ன்னு நான் சொன்னதுக்கு நீ என்ன அடிக்க வெரட்டுன. கோயில் படி ஏறி மூச்சு வாங்கி ஒக்காந்துட்ட.

இந்தச் சனம் இருக்கே. மெலிஞ்சிருந்தா சீக்கு, சதையா இருந்தா சொகம். நம்மாளுகளுக்கு அவ்வளவுதான் கணக்கு. தேயிலத் தோட்டத்துல பட்டினி கெடந்து வந்த சனம், உருண்ட மூஞ்சியப் பாத்தா சந்தோசம்தான் வரும். அதத் தப்புன்னு சொல்ல முடியல. ரோட்டுல போற எல்லாரும் நின்னு சொன்னாங்க: "இப்பதான்டா ஆள் மாதிரி இருக்க." "சம்பளம் கூடிருச்சா?" "அம்மா கைச் சோறுன்னா சும்மாவா?" உங்கம்மாவுக்கு நடையே மாறிப் போச்சு. வெள்ளிக்கெழம ஆனா உப்பு மொளகா எடுத்து உன்னச் சுத்தி அடுப்புல போட்டுச்சு, கண்ணு பட்டிருச்சுன்னு. மொளகா நெடி வரல, கண்ணு நெறையப் பட்டிருக்குன்னு சொல்லி மறுபடியும் சுத்துச்சு.

நீ ஒரு நாள் குளிக்கிற எடத்துல சட்டையத் தூக்கிக் காட்டுன. வயித்துல செவப்பா, கத்தரிக்கா நெறத்துல கோடு கோடா. எதோ நகத்தால கீறுன மாதிரி. "இது என்னடா?"ன்ன. "தோலு பத்தல, பிய்யுது"ன்னு சொன்னேன். அது உண்மதான், ஆனா ஏன்னு எனக்கும் தெரியல. நான் ஏ.எல்லுக்கு பயோ எடுத்துட்டு பாதியில விட்டவன். ஹோர்மோன் பாடம் வர்றதுக்கு முன்னாலயே ஸ்கூல விட்டுட்டேன். தூக்கம் வரலன்னும் சொன்ன. பொழுதுக்கும் படபடன்னு இருக்குன்ன. அதையும் நாம சந்தோசம்னு நெனச்சோம்.

அந்த வருசம் கமிட்டி மாமா உன் தோள அமுக்கிப் பாத்துட்டு பின்னால ஒரு எட்டு வச்சு நின்னாரு.

"அடேய், இது நம்ம கொடக்காரனா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. "ஒங்கப்பன் எடத்துல நில்லு"ன்னாரு. நீ அங்க போயி நின்ன. உன் மூஞ்சியில நான் பாத்தது, அதுக்கு முன்னாலயும் பாத்ததில்ல, பொறவும் பாக்கல. அத மட்டும் எனக்கு எப்பிடிக் குத்தம் சொல்றதுன்னு தெரியல.

காப்புக் கட்டுனாங்க. ஒரு வேளச் சோறு, மரக்கறி, பாயில படுக்கை. அப்ப நீ மாமாகிட்டப் போயி நல்ல புள்ளயா கேட்ட, சத்து மாத்திர முழுங்கலாமான்னு. அவரு கூடு மாத்திரைய வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. "இந்தக் கூடு மாட்டெலும்புல செய்றது. காப்பக் கட்டிக்கிட்டு இத முழுங்குவியா?"ன்னாரு. அவரு சொன்னதும் பொய் இல்ல. நீ பையோட எல்லாத்தையும் சாக்கடக் கானுக்குள்ள கொட்டுன. இனி எதுக்குடா, உடம்புதான் வந்திருச்சேன்னு சொன்ன.

அன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியாது, நீ கொட்டுனது என்னன்னு. உன் உடம்பு அத நம்பித்தான் எந்திரிச்சு நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னு.

பொறவு நீ சோந்து போன. வெரதம்னாங்க. சோறு எறங்கல. வெரதம்னாங்க. எந்திரிச்சா தல சுத்துது, வெரதம். ஊர்வலம் பகல்ல, நல்ல வெயிலு. தண்டு உன் தோள்ல ஏறுச்சு. கோயில்ல இருந்து ரோட்டு வளைவு வரைக்கும் தூக்குன. நான் அந்த வருசம் உன் கொடையப் புடிச்சிக்கிட்டு பக்கத்துல வந்தேன். வளைவுல உன் முட்டி மடிஞ்சுச்சு. தண்டு தோள விட்டு நழுவி, பின்னால இருந்தவன் ஓடி வந்து புடிச்சான். நீ வாந்தி எடுத்து, ஒடம்பெல்லாம் நடுங்குச்சு.

"அருள் வந்திருச்சு! அடிங்கடா!"ன்னு கமிட்டி மாமா கத்துனாரு. தப்பு அடிக்கிற சத்தம் கூடுச்சு. எலுமிச்சம்பழத்த உன் வாயில வச்சாங்க. திருநீற மூஞ்சியில அப்புனாங்க. சாம்பிராணிய உனக்கு நேராக் கொண்டு வந்து புகையப் போட்டாங்க. பொம்பளைங்க குலவ போட்டாங்க. உங்கம்மா கும்புட்டுக்கிட்டு அழுவுது, சாமி எம்புள்ள மேல எறங்கிருச்சுன்னு.

நீ என் சட்டையப் புடிச்சு இழுத்து காதுல சொன்ன: "அருள் இல்லடா. கண்ணு இருட்டுது."

நான் கொடையக் கீழ போட்டேன். என்னய அடிக்க வந்தாங்க, தெரியுமா உனக்கு? சாமி வந்தவன தூக்கிட்டுப் போறான்னு. நான் வாய்க்கு வந்தத பேசிட்டு, உன்னயும் உங்கம்மாவையும் த்ரீவீல்ல ஏத்திக்கிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரியில சின்ன வயசு டொக்டர் மிஸ் ஒருத்தங்க. பிரஷரப் பாத்துட்டு இன்னொரு தரம் பாத்தாங்க. ரத்தத்துல சீனி கொறஞ்சிருக்குன்னாங்க. உங்கம்மாகிட்டக் கேட்டாங்க, "மகன் வேற ஏதாவது மருந்து எடுக்குறாரா?"

"ஒரு மருந்தும் இல்ல மிஸ். நல்ல சொகமான புள்ள. மூஞ்சியப் பாருங்களேன்."

உங்கம்மா பொய் சொல்லல. அதப் பொறுத்தவர அந்தச் சத்து மாத்திர மருந்தே இல்ல. நான் பின்னால இருந்து சொன்னேன்: "மிஸ், ஒடம்பு வைக்கிறதுக்கு மாத்திர முழுங்குனான். பேர் இல்லாத மாத்திர. காப்புக் கட்டுன அன்னைக்கு விட்டுட்டான்."

அவங்க மூஞ்சி மாறுனத நான் பாத்தேன். உன் சட்டையத் தூக்கி வயித்துக் கோட்டப் பாத்தாங்க. சிங்களத்துல சத்தமா என்னமோ கேட்டாங்க, நர்ஸ் ஓடுனாங்க, ஊசி வந்துச்சு. சேலைன் ஏறுச்சு. ரொம்ப நேரம்கூட ஆகலடா. செத்த பொணம் மாதிரி கெடந்தவன் கண்ணத் தொறந்து கேக்குற, "சாமி எங்கடா நிக்குது?"ன்னு. அந்த மிஸ் சிரிச்சிட்டாங்க. நான் வெளிய போயி மூஞ்சிய கழுவிட்டு வந்தேன்.

அவங்கதான் எல்லாத்தையும் சொன்னாங்க. கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கு. அது ஒரு ஹோர்மோன சொரக்கும். காய்ச்சல், அடி, பயம், பட்டினி, எது வந்தாலும் உடம்பு தாங்குறது அதாலதான். அதே மாதிரி ஒன்னு, ரொம்ப பலமானது, அந்தச் சத்து மாத்திரைக்குள்ள இருந்திருக்கு. மூஞ்சி உருண்டதும் அதாலதான், பசியும் அதாலதான், தோலு கிழிஞ்சதும் அதாலதான். வெளியில இருந்து நெறைய வருதுன்னதும் உள்ள இருக்கிற ரெண்டும் வேலைய நிப்பாட்டிட்டுத் தூங்கிருச்சு. நீ மாத்திரைய திடீர்னு விட்ட. உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. விழுந்துட்ட.

இப்ப அதுக்கு வைத்தியம் என்னன்னா, அதே சாதி மாத்திரதான். ஆனா அளவா. அந்த ரெண்டும் முழிக்கிற வரைக்கும் தெனமும் காலையில. மாசக்கணக்கா ஆகலாம். கொஞ்சம் கொஞ்சமா அவங்கதான் கொறைப்பாங்க. காய்ச்சல் வந்தா கூட்டி எடுக்கணும். வாந்தி வந்து மாத்திர நிக்காட்டி ஓடி வரணும். நீயா விடவே கூடாது.

உங்கம்மா கலஹாவுல தோட்டத்துல பொறந்தது. அதுக்குப் புரியுற மாதிரி நான் சொன்னேன். பெரட்டு களத்துல காலையில பேர் கூப்பிட்டு வேல பிரிப்பாங்கல்ல? இவன் உடம்புல பேர் பதிஞ்ச ஆளு ரெண்டு பேரு, அந்தச் சுரப்பி ரெண்டும். வெளியில இருந்து கூலிக்கு ஆள் வந்து மலை பூரா வேல செஞ்சா, கங்காணி இவங்க பேரக் கூப்பிட மாட்டாரு. கூப்பிடாட்டி லயத்து வீட்டுலயே படுத்துக்குவாங்க. ரொம்ப நாள் அப்பிடியே படுத்துட்டாங்க. இப்ப வெளியாள ஒரே நாள்ல அனுப்புனா மலையில வேல செய்ய ஆளே இல்ல. அதான் இவனும் விழுந்தான். எனக்கே பெருமையா இருந்துச்சு, நல்லா சொல்லிட்டேன்னு.

உங்கம்மா சேலத் தலப்ப இழுத்துச் சொருகிக்கிட்டு கேட்டுச்சு.

"அப்ப தூங்குறவன எழுப்பணும்னா அந்த வெளியாள அனுப்பத்தானே வேணும்? அவன் வந்துக்கிட்டே இருந்தா இவன் எதுக்குடா எந்திரிக்கிறான்?"

"ஒரேயடியா அனுப்பக் கூடாது அத்த. மெதுவா."

"மாத்திரையால வந்த சீக்கு. அதுக்கு மறுபடியும் மாத்திரையா? வெசத்துக்கு வெசத்தையே ஊத்துறீங்களே."

அது சொன்னதுல ஒரு ஞாயம் இருந்துச்சுடா. அதான் சிக்கல். முட்டாத்தனமா பேசியிருந்தா நான் சண்ட போட்டு ஜெயிச்சிருப்பேன்.

பொறவு நீ மெலிஞ்ச. மூஞ்சி எறங்குச்சு. அது நல்லதுன்னு மிஸ் சொன்னாங்க. ரோட்டுல ஒருத்தனும் அப்பிடிச் சொல்லல. "என்னடா, சீக்கா?" "ஏதும் பொண்ணு விசயமா?" "அம்மா சோறு போடுறதில்லையா?" உங்கம்மா குனிஞ்சுக்கிட்டே தண்ணி எடுக்கப் போச்சு. துணிக்கடையில நீ நிக்க முடியாம ஒக்காந்தன்னு மொதலாளி வேலையில இருந்து நிப்பாட்டுனாரு. உனக்கு எல்லாம் வெறுத்துச்சு. நம்ம ரெண்டு பேரும் குளத்துக் கட்டுல ஒக்காந்திருந்தப்ப நீ சொன்னது இது: "செத்துக்கிட்டு இருந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப பொழைக்கிறேன், எல்லாரும் மூஞ்சத் தொங்கப் போடுறாங்க."

நான் தெனமும் போன்ல கோல் எடுத்து "முழுங்குனியா?"ன்னு கேட்டேன். நீ "ம்" சொல்லுவ. எனக்கும் அலுத்துச்சு, உனக்கும் அலுத்துச்சு. என்னமோ கடன் கேக்குறவன் மாதிரி ஆயிட்டேன் உனக்கு.

கலஹாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு உங்கம்மா சொல்லுச்சு. உன் தாய்மாமா வீடு, நல்ல காத்து, கீர, கோழி, மாத்திர இல்லாம கொஞ்ச நாளு இருந்து பாக்கட்டும்னு. குட்செட் பஸ் ஸ்டாண்டுல வச்சு நான் கத்துனேன். சனம் எல்லாம் திரும்பிப் பாத்துச்சு.

"அத்த, அவன் மாத்திரைய விட்டா செத்துருவான். மிஸ் சொன்னாங்கல்ல?"

"நீ எதத்தான்டா உருப்படியா முடிச்சிருக்க? ஸ்கூல முடிச்சியா? ஒரு வேலையில ஒரு மாசம் நின்னிருக்கியா? எம்புள்ளைக்கு நாள் குறிக்க வந்திட்ட."

நீ ஜன்னல் சீட்டுல ஒக்காந்து சிரிச்ச. "விடுடா. போயி கோல் எடுக்குறேன்"ன்ன. பையில மாத்திர இருக்கான்னு கேட்டேன். "இருக்கு"ன்ன. பஸ் எடுத்துட்டான்.

பொறவு எனக்குத் தெரிஞ்சது எல்லாம் உங்கம்மா சொன்னதுதான். மழ. காய்ச்சல். மாமா கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தாரு. வாந்தி. காய்ச்சல்னா வாந்தி வரும்னாங்க. அடுத்த நாள் காலையில எழுப்பி ஒக்கார வச்சா தல நிக்கல. அப்பதான் உங்கம்மாகிட்ட இருந்து எனக்குக் கோல் வந்துச்சு. நான் மணிக்கூண்டுகிட்ட ஒரு பார்சல் குடுக்க நின்னேன். அது அழுவல. "நீ ஆஸ்பத்திரிக்கு ஓடு. அந்த மிஸ்கிட்டச் சொல்லு. அந்த ஊசிய எடுத்து வைக்கச் சொல்லு. நாங்க வந்துக்கிட்டு இருக்கோம்"னு சொல்லுச்சு.

நான் ஓடுனேன்டா. அந்த மிஸ் அன்னைக்கு இல்ல. வேற டொக்டர். நான் மூச்சு வாங்கிக்கிட்டு சொன்னத அவரு முழுசா கேட்டாரு, ஒரு கேள்விதான் கேட்டாரு, ஊசிய எடுத்து ட்ரேயில வச்சாங்க. எல்லாம் ரெடி. நான் வாசல்ல நின்னேன். பேராதெனிய ரோட்டுப் பக்கத்துல இருந்து வர்ற ஒவ்வொரு வேனையும் பாத்துக்கிட்டு. அந்த ரோட்டு வளைவும், தோட்டத்து ரோட்டு குழியும், மழயும். வேன் வந்துச்சு. டொக்டர் வேனுக்குள்ளயே ஏறிப் பாத்தாரு. எறங்கி வந்து என் தோள்ல கைய வச்சாரு. ட்ரேய மூடிட்டாங்க.

சரி. அத விடு.

உங்கம்மா மொதல்ல, "மாத்திரதான் எம்புள்ளயக் கொன்னுச்சு"ன்னு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லுச்சு. ரொம்ப நாள் கழிச்சு ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் கதவுகிட்ட நிக்கிறேன். தலையத் தூக்காமலே, "பையில இருந்து மாத்திரைய நான்தான் எடுத்து வச்சேன். அவனுக்குத் தெரியாது"ன்னுச்சு. அவ்வளவுதான். வெங்காயத்த வெட்டிக்கிட்டே இருந்துச்சு.

இப்ப நான் ஒரு மாதிரி ஆளாயிட்டேன். வாடகைக்கு த்ரீவீல் ஓட்டுறேன், ஏறுறவங்க மூஞ்சியக் கண்ணாடியில பாக்குறேன். உருண்டு செவந்த மூஞ்சியா, மெலிஞ்ச கையா இருந்தா வாய் சும்மா இருக்காது. போன மாசம் ஒரு புள்ளகிட்ட, "ஏதும் மாத்திர எடுக்குறீங்களா?"ன்னு கேட்டுட்டேன். "ஒங்க வேலயப் பாருங்க"ன்னு பாதியில எறங்கிப் போயிருச்சு. ஞாயம்தான். எல்லா உருண்ட மூஞ்சியும் சீக்கு இல்ல. ஆனா கேக்காம இருக்க முடியல.

அப்பிடித்தான் ஒரு நாள் உங்கம்மா மூஞ்சியையும் பாத்தேன். ஊதியிருந்துச்சு. கண்ணுக்கு அடியில வீக்கம். கொரல் தடிச்சுப் போச்சு. வெயில்லயும் குளிருதுன்னு ஸ்வெட்டர். பேசிக்கிட்டே தூங்கிருது, முடி கொத்துக் கொத்தா வருது. சனம் வழக்கம்போல, "மகன் போன கவல"ன்னுச்சு. திட்டிக்கிட்டே இழுத்துக்கிட்டு கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் எடுத்தாங்க. இது வேற சுரப்பி, கழுத்துல இருக்கிறது, தைரொயிட். அது சொரக்கிறது கொறஞ்சு போச்சு. அது கொறஞ்சா உடம்பு பூரா மெதுவாயிருமாம், நெஞ்சு துடிக்கிறதுகூட. கவலையால வந்தது இல்லன்னாங்க. ஒரு சின்ன மாத்திர. தெனமும். அநேகமா ஆயுசுக்கும்.

"அதுவும் ஹோர்மோனா?"ன்னு உங்கம்மா கேட்டுச்சு.

"ஆமா அத்த. இது வேற. ஒங்க உடம்பு செய்யாதத வெளியில இருந்து குடுக்குறாங்க."

"அவனுக்கும் அப்பிடித்தானேடா சொன்னீங்க."

அந்த மாத்திரைய வெறும் வயித்துல, தண்ணியோட மட்டும் எடுக்கணும். டீயோட எடுத்தா சரியா உடம்புல சேராது. அரை மணித்தியாலமாவது பொறுக்கணும். இத யாருகிட்ட சொல்றது? டீ குடிக்காம கண்ணத் தொறக்காத சனத்துகிட்ட. எந்திரிச்சா மொதல்ல அடுப்புல டீக்குக் கேத்தல், பொறவுதான் மூஞ்சி கழுவுறது. அதான் நான் இங்க வந்து படுக்குறேன். இதான் அந்த இன்னொரு காரணம். காலையில அது எந்திரிக்க முன்னால நான் எந்திரிச்சு, மாத்திரையும் தண்ணியுமா நிக்கிறேன்.

"முழுங்கிட்டேன்"னு உங்கம்மா சொல்லும். "வாயத் தொறங்க"ன்னுவேன். நாக்குக்குக் கீழ இருக்கும்.

"என்னடா, நான் என்ன பச்சப் புள்ளயா?"

"பச்சப் புள்ள துப்பாது."

"நீ வெளங்குவியா? எனக்கு டீயாவது நிம்மதியாத் தா."

"முழுங்குங்க, நானே ஊத்தித் தர்றேன்."

"நீ ஊத்துற டீ மாட்டு மூத்திரம் மாதிரி இருக்கும்."

இப்பிடித்தான் எங்களுக்கு விடியுது. ஒரு வேலையிலயும் ஒரு மாசம் நிக்காத நான், இதுல நின்னுட்டேன். பெரும பேசல. எனக்கு வேற வழி தெரியல, அவ்வளவுதான். காலையில எந்திரிக்கவே உடம்பு வலிக்குது. ஒரு நாளாவது தூங்கணும்னு இருக்கு.

உங்கம்மாவுக்கு இப்ப நல்லாயிருக்குடா. வீக்கம் வத்திருச்சு. கொரல் தெளிஞ்சிருச்சு. நேத்து என்னயத் திட்டுனத அடுத்த வீட்டுக்காரங்க கேட்டுட்டு சிரிச்சாங்க. எனக்கும் சந்தோசம்தான். ஆனா ராத்திரி பாய விரிச்சுக்கிட்டே, ரொம்ப அமைதியா சொல்லுச்சு: "நாளையில இருந்து வேணாம். நல்லாயிட்டேன்ல. எத்தன நாளைக்குத்தான் நீயும் வாசக் காவக்காரன் மாதிரி கெடப்ப? எம்மேல எரக்கம் இருந்தா விட்டுரு."

திட்டிச் சொன்னா நான் திருப்பித் திட்டுவேன். இப்பிடிச் சொன்னா என்ன பண்றது? சீக்கிரமே முழிச்சிட்டேன். அதுக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு ஒன்னும் வராமத்தான் உங்கிட்டப் பேச ஒக்காந்தேன். பெரட்டுக் கத இனி சொல்ல மாட்டேன். அந்தக் கதையில உங்கம்மா என்னய ஏற்கனவே ஜெயிச்சிருச்சு. உன் பேரயும் எடுக்க மாட்டேன். அதச் சொல்லி முழுங்க வச்சா, அது மாத்திர இல்ல, தண்டன. அப்ப என்னதான் மிச்சம்? ஒன்னும் சொல்லாம கிளாசுல தண்ணியோட போயி முன்னால நிக்கிறதுதான். திட்டுனாலும் நிக்கிறது. அழுதாலும் நிக்கிறது. நாளைக்கும்.

உள்ள பாய் சுருட்டுற சத்தம் கேக்குது. எந்திரிச்சிருச்சு. கேத்தல்ல தண்ணி புடிக்குதுடா. அடுப்பு பத்திருச்சு. நான் போகணும்.